சூட்டில் காத்திருக்கும் டிகாஷன்

வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் காப்பி குடிப்பதில்லை. விடியற்காலையில் எழுகிறவருக்கு 5.30-க்கே வேண்டும். நடைப்பயிற்சி முடித்து வருகிறவருக்கு 7 மணிக்கு. இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்கும் பிள்ளைக்கு 9 மணிக்கு மேல். டிகாஷன் இறங்குவதோ ஒரு முறைதான். நடுவில் அது ஆறிவிடக் கூடாதே என்று அடுப்போரம் வைக்கிறோம், சிறு தீயில் மறுபடி காட்டுகிறோம், இல்லையென்றால் காப்பியாகவே கலந்து ஃபிளாஸ்கில் ஊற்றிவிடுகிறோம். கடைசியில் குடிக்கிறவர் முகத்தைச் சுளிக்கிறார். பழி காப்பித்தூள் மேல் விழுகிறது. அடுத்த மாதம் கடையை மாற்றுகிறோம்.

தூள் மேல் பெரும்பாலும் குற்றமில்லை. டிகாஷனைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அதைக் கெடுக்கிறது. பால் சேர்த்துக் குடிக்கும் காப்பிக்கு வேண்டிய சூடு முழுவதையும் பாலே கொடுத்துவிடும். டிகாஷன் ஆறியிருந்தால் ஒன்றும் குறையாது. அது எப்படி என்பதற்கு முன், சூட்டில் இருக்கும்போது டிகாஷனுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அது தெரிந்தால் எந்தச் சூழ்நிலையிலும் நீங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

முதலில் போவது மணம்

வறுத்த காப்பியில் ஆவியாகும் தன்மையுள்ள சேர்மங்கள் 800-க்கும் மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் ‘இது காப்பி’ என்று மூக்குக்குச் சொல்பவை சில டஜன் மட்டுமே. அவையும் மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். ஃபில்டரில் கொதிநீரை ஊற்றியதும் வீடே மணக்கிறதே, அந்த மணம் டம்ளருக்கு வரப்போவதில்லை. அது ஏற்கெனவே கிளம்பிவிட்டது. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்றால் மூடி அவசியம். திறந்த பாத்திரத்தில் சூடாக இருக்கும் டிகாஷனிலிருந்து லேசான வாசனைகள் நிமிடக் கணக்கில் பறந்துகொண்டேயிருக்கும்.

மூடி போட்டுவிட்டால் எல்லாம் பத்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. வறுத்த மணத்துக்கு முக்கியக் காரணம் ஃபுர்ஃபுரில்தயோல் என்ற, கந்தகம் சேர்ந்த ஒரு பொருள். டிகாஷனுக்குக் கரும்பழுப்பு நிறம் தருபவை மெலனாய்டின்கள். இவை கொட்டை வறுபடும்போது உருவாகின்றன. இந்த மெலனாய்டின்கள் ஃபுர்ஃபுரில்தயோலைப் பிடித்துத் தம்மோடு பிணைத்துக்கொள்கின்றன. பிணைந்தபின் அது மூக்குக்கு எட்டாது. ஜெர்மானிய உணவு வேதியியலாளர்கள் தாமஸ் ஹோஃப்மனும் பீட்டர் ஷீபெர்லேயும் இதை 2000-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு துளி ஆவிகூட வெளியே போகாத ஃபிளாஸ்கில் ஊற்றிய காப்பியும் ஏன் சப்பென்று ஆகிறது என்ற நெடுநாள் கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. மணம் வெளியே போனது பாதி, உள்ளேயே கட்டுண்டது பாதி.

இதில் ஒரு தனி இழப்பு நல்ல தூள் வாங்குகிறவர்களுக்கு. சிக்கரி கலந்த தூளில் குறைந்தது 51 சதவீதமாவது காப்பி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. எவ்வளவு இருக்கிறது என்று பொட்டலத்திலும் அச்சிட்டிருப்பார்கள். காப்பியின் பங்கு கூடக்கூட இழப்பதற்கு மணமும் கூடுதலாக இருக்கிறது. அதிக விலை கொடுத்துச் சிக்கரியே இல்லாத தூளை வாங்கிவந்து, அதன் டிகாஷனை அடுப்போரம் இரண்டு மணி நேரம் வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

பின்னால் வருவது புளிப்பு

மணம் குறைவது முதல் அரை மணியிலேயே தெரியும். அடுத்த மாற்றம் மெதுவாக வருவது, ஆனால் நாக்கில் அழுத்தமாக விழுவது. காப்பிக்கொட்டையில் குளோரோஜெனிக் அமிலங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. வறுக்கும்போது அவற்றில் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஒரு பகுதி தண்ணீரை இழந்து லாக்டோன் என்னும் வடிவத்துக்கு மாறும். டிகாஷன் சூடான தண்ணீராயிற்றே! இந்த லாக்டோன்கள் தண்ணீரை மறுபடி ஏற்றுக்கொண்டு அமிலமாகத் திரும்புகின்றன. குயினிக் அமிலம் கூடுகிறது. புதிதாக இறங்கிய காப்பியின் பி.எச். அளவு சுமார் 5. சூட்டிலேயே சில மணி நேரம் வைத்தால் அது 5-க்கும் கீழே இறங்கும். எண்ணில் சிறிய இறக்கம்தான். நாக்கு அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

பழைய டிகாஷனைக் குடித்துவிட்டு ‘கசக்கிறது’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அடுத்த முறை அந்தக் கசப்பைச் சற்று நிதானமாக நாக்கில் வைத்துப் பாருங்கள். அதில் புளிப்பும் துவர்ப்பும் கலந்திருக்கும். நாக்கின் ஓரங்கள் சுருங்கும். காப்பியில் கசப்பு முதலிலிருந்தே இருந்தது. அதைச் சூழ்ந்திருந்த மணம் போய்விட்டதால் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது. அதன்மேல் புளிப்பும் ஏறிக்கொள்கிறது. இந்த வேறுபாடு தெரிந்திருந்தால், கசப்பு போகட்டும் என்று இன்னொரு கரண்டி சர்க்கரை போடுவது ஏன் பலிப்பதில்லை என்பது புரியும்.

காஃபீன் மட்டும் அசைவதில்லை. எத்தனை மணி நேரம் சூட்டில் வைத்தாலும் அது அப்படியே இருக்கும். தூக்கத்தைக் கலைக்கும் வேலையைப் பழைய டிகாஷனும் குறைவில்லாமல் செய்யும்; சுவைக்காகக் குடிப்பவருக்குத்தான் நஷ்டம்.

இந்த மாற்றங்களை விரட்டுவது சூடுதான். வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி 80 டிகிரியில் இருக்கும் டிகாஷன், 30 டிகிரியில் இருப்பதைவிட முப்பது மடங்கு வேகமாகக் கெடும். துல்லியமான எண் வேறாக இருக்கலாம், திசை இதுதான். அடுப்புத் தீ இன்னும் மோசம். பாத்திரத்தின் அடி மட்டும் கொதிநிலைக்குப் போகிறது, தண்ணீர் ஆவியாகி டிகாஷன் சுண்டுகிறது, அடியில் தங்கிய மண்டி மறுபடி வெந்து துவர்ப்பை இறக்குகிறது. டிகாஷனை ஒருபோதும் கொதிக்கவிடாதீர்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பால் திரிவது எப்போது

மாலையில் காலை டிகாஷனைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டதும் பால் திட்டுத்திட்டாகத் திரிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். புதுப் பாலின் பி.எச். சுமார் 6.6. அறைச் சூட்டில் அது 4.6-க்கு வந்தால்தான் கேசின் புரதம் பிரியும். சூடு ஏற ஏற, அவ்வளவு புளிப்பு இல்லாமலே பிரிந்துவிடும். காலையில் வாங்கிய பால் மாலைக்குள் சற்றே புளிப்பை நோக்கி நகர்ந்திருக்கும். டிகாஷன் தன் பங்குக்குப் புளித்திருக்கும். மேலே கொதியும் சேர்ந்தால் திரியாமல் என்ன செய்யும்?

தப்பிக்க எளிய வழி, பாலைத் தனியே பொங்கவிட்டு இறக்கி, பிறகு டிகாஷனைச் சேர்ப்பது. சிலர் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுவார்கள். அமிலம் மட்டுப்படும், பால் திரியாது, உண்மைதான். ஆனால் காப்பியின் இயல்பான கூர்மையும் அதோடு மழுங்கிவிடும், போன மணமும் திரும்பாது. எனக்கு அந்த வழியில் விருப்பமில்லை. கசப்பை மட்டும் தணிக்க வேண்டுமானால் இரண்டு மூன்று கல் உப்பு போதும்; உப்பு கசப்பை நாக்குக்கு மறைக்கும். புளிப்புக்கு அது உதவாது.

ஆறிய டிகாஷனில் சூடான காப்பி

இப்போது கணக்கு. ஒரு டம்ளருக்கு 30 மில்லி கெட்டி டிகாஷன், 120 மில்லி பால் என்று வைத்துக்கொள்வோம். டிகாஷன் நம் ஊர் அறைச் சூடான 30 டிகிரியில் ஆறிக் கிடக்கிறது. பால் பொங்கி இறக்கிய நிலையில் 95 டிகிரி. இரண்டையும் கலந்தால் சூடு ஏறத்தாழ 82 டிகிரியில் நிற்கும். டிகாஷன் குளிர்பெட்டியிலிருந்து வந்ததாக, 5 டிகிரியில் இருந்தாலும், கலவை 77 டிகிரிக்குக் குறையாது. எவர்சில்வர் டம்ளரும் டபராவும் தங்கள் பங்கைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முறை ஆற்றினால் இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி போகும். அதற்குப் பிறகும் நாம் ஊதி ஊதிக் குடிக்கிற சூடு மிஞ்சும்.

அதற்கு மேல் சூடு வேண்டியதும் இல்லை. 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. அது காப்பியைப் பற்றிய குற்றச்சாட்டு அல்ல, சூட்டைப் பற்றியது. டபராவில் ஆற்றிக் குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

டிகாஷன் தூக்கலாக வேண்டும் என்பவர்கள் 50 மில்லி டிகாஷனும் 100 மில்லி பாலும் சேர்ப்பார்கள். அறைச் சூட்டு டிகாஷன் என்றால் அப்போதும் 73 டிகிரி வரும். குளிர்பெட்டி டிகாஷன் என்றால் 65-தான், ஆற்றியபின் வெதுவெதுப்பாகிவிடும். இவர்கள் மட்டும் டிகாஷன் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஐந்து நிமிடம் இறக்கி வைத்துக் குளிர் விட்டபின் சேர்க்கலாம். அடுப்பு அணைந்திருக்க வேண்டும், வேண்டிய அளவை மட்டும் கிண்ணத்தில் எடுத்திருக்க வேண்டும். முழு டிகாஷனையும் ஒவ்வொரு முறையும் சுடவைத்து ஆறவைப்பது அதை நான்கு முறை கொல்வதற்குச் சமம்.

பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி உதவும். டிகாஷனைக் கெட்டியாக இறக்கி ஆறவைத்துக்கொண்டு, குடிக்கும்போது கொதிநீரை அதன்மேல் ஊற்றுங்கள்.

எடுத்துவைக்கும் முறை

சொட்டுவது நின்றதும் ஃபில்டரின் மேல் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். அதை அப்படியே விட்டால் ஊறிய சக்கையிலிருந்து கடைசித் துளிகள் கசிந்துகொண்டேயிருக்கும். அவற்றில் மணம் இருக்காது, துவர்ப்புதான் இருக்கும். கீழ் அடுக்கின் டிகாஷனை மெல்லச் சாய்த்து, அடி மண்டி வராதபடி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். எவர்சில்வரோ கண்ணாடியோ நல்லது, இறுக்கமான மூடியோடு. பழைய பித்தளை ஃபில்டரை இன்னும் புழங்குபவர்கள் உட்புறம் ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிகாஷன் அமிலத்தன்மை உடையது. பூச்சு போன பித்தளையில் அது நேரம் கழிக்கக் கூடாது.

பாத்திரம் பெரிதாக இருந்தால் டிகாஷனுக்கு மேலே காற்று நிறைய இருக்கும். காற்று அதன் வேலையைச் செய்யும். டிகாஷன் கழுத்துவரை நிரம்பும்படி சின்னப் பாத்திரமாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும் என்றால் சமையல் மேடையிலேயே, அடுப்பிலிருந்து தள்ளி, வைக்கலாம். மாலைக்கும் வேண்டும் என்றால் ஆறிய உடனே குளிர்பெட்டிக்குப் போகட்டும். பூண்டு, மீன் குழம்பு வாசனை ஏறாதபடி மூடி கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வைத்துக் குடிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இரண்டாம் டிகாஷனை எடுத்து வைக்கவே வேண்டாம். அதில் தொடக்கத்திலிருந்தே மணம் கிடையாது; உடனே கலந்துவிட வேண்டியது அது.

ஃபிளாஸ்க்

1892-இல் ஜேம்ஸ் டூவர் இரட்டைச் சுவர்க் குடுவையைச் செய்தது மிகக் குளிர்ந்த திரவ வாயுக்களைச் சேமிக்க. குளிரோ சூடோ, உள்ளே வைத்ததை அப்படியே காப்பது அதன் வேலை, தானாகச் சூடேற்றாது. அடுப்பைவிட அது எவ்வளவோ மேல் என்பதற்கு இதுவே காரணம். ஆனால் 85 டிகிரியில் ஊற்றினால் அது இரண்டு மணி நேரம் கழித்தும் 70-க்கு மேல் வைத்திருக்கும், அந்த நேரம் முழுக்கப் புளிப்பு கூடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே பயணத்துக்கோ மருத்துவமனைக்கோ கொண்டு போகும்போது ஃபிளாஸ்கில் பாலை மட்டும் ஊற்றுங்கள். டிகாஷனைச் சின்னப் புட்டியில் தனியாக, ஆறியபடியே எடுத்துச் செல்லுங்கள். ஊற்றுவதற்கு முன் ஃபிளாஸ்கைக் கொதிநீரால் அலசி ஐந்து நிமிடம் சூடேற்றிவிட்டுக் கொட்ட வேண்டும்; இல்லாவிட்டால் பாலின் முதல் சூட்டை அதன் உட்சுவர் தின்றுவிடும். கழுத்துவரை நிரப்புங்கள். அரை ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறும்.

பால் விஷயத்தில் சுவையைத் தாண்டிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பாலைக் காய்ச்சினாலும் சாகாத கிருமி வித்துகள் அதில் இருக்கக்கூடும்; பேசிலஸ் சீரியஸ் அப்படி ஒன்று. 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் அவற்றுக்கு வளரும் வாய்ப்பு தொடங்குகிறது. வெதுவெதுப்பான பாலோ, பால் கலந்த காப்பியோ மணிக்கணக்கில் இருப்பது நல்லதல்ல. ஊற்றும்போது ஆவி பறக்கவில்லை, வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரமாவது இருந்திருக்கும் என்று தோன்றினால் கொட்டிவிடுங்கள். குழந்தைக்கோ நோயாளிக்கோ கொடுப்பதாக இருந்தால் இதில் இரக்கம் காட்ட வேண்டாம்.

ஃபிளாஸ்க் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுகிறவர்கள் குறைவு. காப்பியின் எண்ணெயும் பால் கொழுப்பும் அதன் இடுக்கில் தங்கிக் காறல் அடிக்கும். அடுத்த நாள் புதுக் காப்பியும் அந்த நெடியோடுதான் வரும். வெந்நீரில் சோடா உப்பு கரைத்து அரை மணி ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

நூறு பேருக்கு

கல்யாண மண்டபங்களில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மில் காப்பியைக் கலந்தே நிரப்பிவிடுகிறார்கள். விடியற்காலையில் முதலில் பிடிக்கிறவருக்கு நன்றாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் மேலே ஆடை படியும், பாலில் சுண்டக் காய்ச்சிய வாசனை ஏறும், நிறம் மங்கும். முகூர்த்தத்துக்குப் பிறகு வருகிற வயதானவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். இத்தனை செலவு செய்யும் வீட்டில் இது நடக்க வேண்டியதில்லை. 100 பேருக்கு 150 மில்லி வீதம் 3 லிட்டர் டிகாஷனும் 12 லிட்டர் பாலும் போதும். பாலை டிரம்மில் சூடாக வைத்து, டிகாஷனைத் தனித் தூக்கில் மூடி வைத்து, டம்ளரில் கலந்து கொடுக்க ஒரு ஆளை நிறுத்துங்கள். டிகாஷனை மொத்தமாக இறக்காமல், மூன்று நான்கு தவணையாக இறக்கச் சொல்லுங்கள். சமையல்காரரிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் அவர் மறுக்க மாட்டார். கூடுதலாக ஆகும் செலவு ஒரு ஆளின் கூலிதான்.

ஓட்டல்களில் பாய்லர் மேலேயே டிகாஷன் தூக்கு உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டிலும் அவர்கள் காப்பி மணக்கிறதே என்றால், கூட்ட நேரத்தில் ஒரு தூக்கு டிகாஷன் கால் மணி நேரம்கூடத் தங்குவதில்லை. அதே ஓட்டலில் பிற்பகல் ஈ ஓட்டும் நேரத்தில் கேட்டால் காலையின் சுவை கிடைக்காது. வெளியூரில் நல்ல காப்பி வேண்டுமென்றால் கடையின் பெயரோடு நேரத்தையும் பாருங்கள். அலுவலகங்களில் கண்ணாடிக் குடுவைக்கு அடியில் சூட்டுத் தட்டு வைத்த இயந்திரங்களுக்கும் இதே நோய்தான். ஜெர்மனியின் விகோமாட் 1954-லும் அமெரிக்காவின் மிஸ்டர் காஃபி 1972-லும் வந்து மின்சாரச் சொட்டு இயந்திரத்தை வீடுகளுக்குப் பழக்கின. குடுவையைத் தட்டின்மேல் சூடாக வைக்கும் பழக்கமும் அந்த வகை இயந்திரங்களோடு பரவியது. உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒன்று இருந்தால், காப்பி இறங்கியதும் தட்டின் பொத்தானை அணைத்துவிட்டு ஃபிளாஸ்குக்கு மாற்றச் சொல்லுங்கள்.

நம்பிக்கை வராதவர்கள் ஒரு விடுமுறை நாளில் சோதித்துப் பார்க்கலாம். ஒரே டிகாஷனை மூன்றாகப் பிரித்து, ஒன்றைச் சிறு தீயிலும், ஒன்றைச் சூடாகவே ஃபிளாஸ்கிலும், ஒன்றை மூடிய கிண்ணத்தில் மேடைமேலும் வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, மூன்றும் ஒரே அளவு ஆறியபின், பாலும் சர்க்கரையும் இல்லாமல் சுவையுங்கள். சூட்டில் நாக்கு புளிப்பைச் சரியாகச் சொல்லாது. இரண்டு மணி நேரம் கழித்து மூன்றிலும் பொங்கிய பாலைச் சேர்த்து, எது எந்த டம்ளர் என்று தெரியாத ஒருவரிடம் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் டிகாஷன் மீந்துதான் போகும். அதைச் சூடான காப்பியாக்க முயலாமல், பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். வெயில் நாளில் குளிர்ந்த பாலில் நான்கு கட்டி, சர்க்கரை, அடித்துக் கலக்க ஒரு மத்து. பனிக்கட்டி கரையக் கரையக் காப்பி நீர்த்துப் போகாது, இறுகிக்கொண்டே வரும்.